ஒரு நாற்காலி

பரீட்சை என்பது எனக்குப் பழக்கமான விஷயம். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன் நான். மழை, புயல், பஸ் வேலை நிறுத்தம், ஒரு தடவை மண்டபத்துக்குள் புகுந்துவிட்ட குரங்குக் கூட்டம், இவ்வளவையும் சமாளித்துப் பரீட்சை நடத்தி முடித்திருக்கிறேன். ஆகையால், உலகத்திலேயே பெரிய பணக்கார தேசத்தில் ஒரு பெண் பரீட்சை எழுத நாற்காலி கிடைக்காமல் மூன்று மாதம் திண்டாடுவாள் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அந்தப் பெண் வேறு யாருமில்லை, என் பேத்திதான்.

2020-ம் வருஷம் பிப்ரவரி மாதம் நானும் என் மனைவியும் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்திலிருக்கும் எங்கள் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். இரண்டு மாதம் தங்கித் திரும்புவதாக ஏற்பாடு. மார்ச் மாதத்தில் கொரோனா தொற்று பரவி, இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்திவிடவே, விருந்தாளிகளாகப் போனவர்கள் வீட்டு மனிதர்களாகிவிட்டோம். வைத்தியக் கல்லூரியில் இரண்டாவது வருஷம் படித்துக் கொண்டிருந்த பேத்தியும், கல்லூரியை மூடியதும் பெட்டி நிறையப் புத்தகங்களுடன் வந்து சேர்ந்தாள்.

அந்த நாட்டில் கல்லூரிப் பட்டத்தை மட்டும் வைத்துக் கொண்டு ஒருவர் வைத்தியம் செய்துவிட முடியாது. உரிமம் பெறுவதற்கு மூன்று படிகளாகப் பரீட்சை உண்டு. முதற்படி ஒரே நாளில் எட்டு மணி நேரம். 280 கேள்விகள் வரையில் வரும். பல கல்லூரிகளில் அதில் தேறினால்தான் மாணாக்கர்கள் ஆஸ்பத்திரி வார்டில் கால் வைக்கலாம். அதில் வாங்கும் மார்க்கைக் கொண்டுதான் பிற்பாடு எந்த ஆஸ்பத்திரியில் எந்தத் துறையில் பயிற்சி கிடைக்கும் என்பதும் பெரும்பாலும் தீர்மானமாகி வந்தது. மார்க்கை எடுத்துவிட்டுத் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் சொல்லப் போவதாக அதே பிப்ரவரியில்தான் அறிவித்தார்கள். அந்த மாறுதல் அமலுக்கு வந்ததோ 2022 ஜனவரியில். பேத்திக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இவ்வளவு பெரிய பரீட்சையை ஏதோ பிரம்மாண்டமான மண்டபத்தில் நடத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. கடைத்தெருவில், சலவைக் கடைக்குப் பக்கத்தில், ஒரு தனியார் கம்பெனியின் சிறிய அறை. உள்ளே கம்ப்யூட்டர்களும் நாற்காலிகளும். கணக்கர்களும் மற்றத் தொழில்காரர்களும் அவரவர் பரீட்சையை அங்கேயேதான் எழுத வேண்டும். பேத்திக்கு மார்ச் 27 தேதி கிடைத்திருந்தது. மார்ச் 18 முதல் கம்பெனி தன் கதவைச் சாத்திவிட்டது.

சாத்தியதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அதே மாதத்தில் நடந்த வேடிக்கையைப் பாருங்கள். நியூயார்க் நகரத்து ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் போதவில்லை என்று, நியூயார்க் சர்வகலாசாலையின் வைத்தியக் கல்லூரி தன் இறுதி வருஷ மாணாக்கர்களுக்கு முன்கூட்டியே பட்டம் கொடுக்க முன்வந்தது. டாக்டர்களுக்காக நாடு தவித்த சமயத்தில், டாக்டராகும் வழியில் நின்றவர்களுக்கு முதற்படியே பூட்டிக் கிடந்தது!

மே மாதத்தில் கதவைத் திறந்தார்கள். இடைவெளி விட்டு உட்கார வேண்டும் என்பதால் நாற்காலிகள் குறைந்து போயின. யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்று எந்த நியாயத்தைக் கொண்டு முடிவு செய்தார்களோ! பேத்திக்கு மே மாத நடுவில் ஒரு தேதி கொடுத்து, மூன்று நாள் முன்னதாக ரத்து செய்தார்கள். ஜூன் 4 என்றார்கள். முந்தின நாள் இரவு அவளாகவே போய்ப் பார்த்தபோதுதான் அதுவும் ரத்து என்று தெரிந்தது. அதன் பிறகு, மீனுக்காகத் தூண்டில் போட்டவளைப்போல் நடுநிசியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாராவது விட்டுப்போன இடம் அகப்படுமா என்று பார்த்துக் கொண்டிருப்பாள்.

"இது பரீட்சையா, லாட்டரிச் சீட்டா?" என்று கேட்டாள் என் மனைவி.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சையை ரத்து செய்து, அனைவரும் தேர்ச்சி என்று ஜூன் 9-ம் தேதி அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் பேத்திக்குப் படித்துக் காட்டி, "உங்களுக்கும் இப்படிச் செய்தால் என்ன, அம்மா?" என்றேன்.

"பரீட்சை எழுதாமலே தேறின டாக்டரிடம் நீங்கள் உடம்பைக் காட்டுவீர்களா, தாத்தா?" என்றாள்.

வாத்தியாராயிருந்தும் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பரீட்சை வேண்டியதுதான். அதை எழுதித்தான் தீரவேண்டும் என்கிறவர்கள் நாற்காலியும் போட வேண்டாமா? ஊர் ஊராகக் கல்லூரி மண்டபங்கள் காலியாகக் கிடந்தன. சில கல்லூரிகளில் பரீட்சை நடத்தக் கோடையில் ஏற்பாடு செய்தார்களாம். மார்ச்சிலேயே அந்த யோசனை தோன்றியிருக்கலாம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. நடிகர்களை நோயாளிகளாக உட்கார்த்தி வைத்து, மாணாக்கர்கள் அவர்களைச் சோதிக்கும் முறையைப் பார்க்கும் பரீட்சை ஒன்று இருந்தது. நாடு முழுவதற்கும் ஐந்தே நகரங்களில் நடந்தது. கட்டணம் ஆயிரம் டாலருக்கு மேல். அது இல்லாமல் முடியவே முடியாது என்றார்கள். மார்ச்சில் நிறுத்தினார்கள், 2021 ஜனவரியில் அடியோடு எடுத்தே விட்டார்கள்.

கடைசியில் ஒரு நடுநிசியில் தூண்டில் அசைந்தது. ஒஹையோ மாகாணத்தில், முந்நூறு மைலுக்கு அப்பால், ஒரு நாற்காலி. மகனிடம் மோட்டார் இருந்தது, லீவு கிடைத்தது, ஹோட்டலில் தங்கப் பணமும் இருந்தது. பேத்தியுடன் படித்த பையன் ஒருவனுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. பேத்தியைவிட அவன் கெட்டிக்காரனாம். உள்ளூரிலேயே இடம் வரட்டும் என்று காத்திருந்து, ஆகஸ்டில் எழுதினான். மாதக்கணக்கில் உருவேற்றியது மாதக்கணக்கில் மனத்தில் நிற்குமா?

நானும் கூடப் போனேன். காலையில் பேத்தி முகமூடியுடன் உள்ளே போன சற்று நேரத்துக்கெல்லாம் ஒரு வாலிபன் அந்தக் கதவருகில் வந்தான். ஏதோ காகிதத்தைக் காட்டினான். இரண்டு நிமிஷம் பேசினான். பிறகு திரும்பி வந்து நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். எங்கள் வண்டியிலிருந்து இருபது அடி தூரம்கூட இராது. போய் ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். என்ன சொல்வது?

மாலையில் பேத்தி வந்தாள். மூக்கின் மேல் முகமூடியின் தழும்பு சிவந்திருந்தது. எப்படி எழுதினாய் என்று நாங்கள் கேட்கவில்லை.

"என் பக்கத்து நாற்காலி நாள் பூராவும் காலியாகவே இருந்தது, தாத்தா" என்றாள். பிறகு சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

பாட்டி கட்டிக் கொடுத்த தயிர்சாதம் வெயிலில் புளித்துப் போயிருந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.