மோனையும் மதிப்பெண்ணும்

கரும்பலகையில் 'அலிட்டரேஷன்' என்று எழுதி, அதன் விளக்கத்தை மும்முறை சொல்லச் சொன்னோம். மாணவர் சொன்னார்கள், கிளியும் சொல்லும்! கடைசி வரிசையிலிருந்து நெசவாளி மகன் ஒருவன் எழுந்தான். "ஐயா, இது நம் மோனைதானே?" என்றான்.

"தமிழைத் தமிழ் வகுப்பில் கேள். புத்தகத்தில் உள்ளதை எழுது, மதிப்பெண் வரும்" என்று அடக்கினோம். உட்கார்ந்தான். அன்று முழுதும் அவன் வாய் திறக்கவில்லை.

பட்டம் பெற்றவர் நாம்! கல்லூரியிலே நாமும் இப்படித்தான் உருப்போட்டோம், தேர்வுத்தாளிலே கொட்டினோம், தேறினோம். பொருளறியாது மந்திரம் ஓதுவோரை எள்ளி நகையாடும் நாம் வகுப்பறையில் நடத்தியது என்ன? அதே ஓதல் அன்றோ? மொழிதான் வேறு! செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் தொட்டிலோடு வருகிறது. தறியோசையில் வளர்ந்த பிள்ளைக்குள்ள துணை தாய்மொழி ஒன்றே. அந்த ஊன்றுகோலையும் நம் கையாலேயே பிடுங்கினோம்.

மறுநாள், பிழை நம்முடையதே என்று வகுப்பறிய ஒப்புக்கொண்டோம். பிறகு பாடம் நடந்தது. நடத்தினோம் என்பதைவிட, நடந்தது என்பதே பொருந்தும்.

சிமிலி உவமை என்றும், மெட்டஃபர் உருவகம் என்றும் நொடியில் சொல்லிவிட்டனர். ஐரனியில்தான் தயங்கினர். தன்னைக் குறைத்துக் காட்டி நடிக்கும் கிரேக்க நாடகப் பாத்திரத்தின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது என்றோம், விளங்கவில்லை. வள்ளுவரை அழைத்தோம். கயமை அதிகாரத்திலே கயவரைத் தேவரோடு ஒப்பிடுகிறாரே, ஏன்? இருவரும் தாம் விரும்பியதையே செய்து திரிவதால்! வகுப்பே சிரித்தது. சொல் ஒன்று, கருத்து வேறு என்பது அந்தச் சிரிப்பிலேயே விளங்கிவிட்டது. தேவருக்கும் அதில் ஓர் அடி விழுந்ததை அவர்கள் கவனிக்காமலில்லை.

எல்லாம் நம்மிடமே இருந்தன என்று மார்தட்டுவோரும் உண்டு. அந்த வீம்பு நமக்கு வேண்டாம். ரைம் என்றதும் "எதுகை!" என்று கூவினார்கள், தவறு. அடியின் இறுதியில் ஒலி ஒன்றிவருவது ரைம். அதற்கு நம்மிடம் இணையானது இயைபு. எதுகையோ இரண்டாம் எழுத்து ஒன்றுவது. பழைய ஆங்கிலக் காப்பியமாகிய பியோவுல்ஃப் மோனையால் கட்டப்பட்டது. 1667இல் வெளிவந்த மில்டனின் இழந்த சொர்க்கமோ ரைமையே உதறித் தள்ளியது. ஒவ்வொரு மொழிக்கும் தனி நடை. ஒப்பிட்டால்தான் வேற்றுமையும் தெரியும்.

மணி அடித்தது. நெசவாளி மகன் மீண்டும் எழுந்தான்.

"ஐயா, நம் எதுகைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?"

"அதற்கென்று அங்கே தனிப்பெயர் வழக்கில் இல்லை, தம்பி."

"அப்படியானால் விடைத்தாளில் எதுகை என்றே எழுதலாமா?"

நாம் சிரித்துவிட்டோம். அவனும் சிரித்தான்.