செரண்டாவில் இரண்டு குட்டைகள்

ரவாங்கைக் கடந்து தஞ்சோங் மாலிம் நோக்கிப் போகும் கொமுட்டர் இரயிலில் செரண்டா நிலையத்தில் இறங்கினால், மழை பெய்து ஓய்ந்த காலையில் கிழக்கே மலை கண்ணுக்கு நேரே எழுந்து நிற்கும். மலைக்கு இப்பால், ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய நிலம். தோண்டியவர்கள் போய்விட்டார்கள், குழிகள் நின்றுவிட்டன. இன்று அவை குட்டைகள்.

நண்பரின் மாமனார் தூண்டில் பிரியர். தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்தவர். "தம்பி, ரெண்டு குட்டையிலயும் மீன் புடிச்சுக் காட்டுறேன், நீங்களே பாருங்க" என்று அழைத்துப் போனார். இரண்டுக்கும் இடையே நூறு அடிகூட இருக்காது. முதல் குட்டை நீலமும் பச்சையும் கலந்த தெளிந்த நீர், பார்க்கக் கொள்ளை அழகு. அதில் சிக்கிய திலாப்பியாவுக்குத் தலை பெரிது, உடம்பு ஒடிசல். இரண்டாவது குட்டை பாசி படர்ந்து கஞ்சித் தண்ணீர் போலக் கெட்டியாய் இருந்தது. அங்கே சிக்கியது உள்ளங்கையை மூடும் திலாப்பியா, கூடவே ஒரு விரால்.

அழகான தண்ணீரில் மீன் இளைப்பானேன்?

ஈயலம்பத்தில் பீய்ச்சாங்குழாய் நீரால் மேல்மண்ணையும் கரைத்துப் பாலோங்கில் ஓடவிட்டு ஈயத்தைப் பிரித்தார்கள். மிஞ்சியது மணலும் களியும். பயிரை வளர்க்கும் சத்து மேல்மண்ணோடு போயிற்று. உர மூட்டை தூக்கியவர்களுக்குத் தெரியும், செம்பனைக்குத் தழைச்சத்து வேண்டும், மணிச்சத்து வேண்டும். தண்ணீரில் வாழும் பாசிக்கும் அதே பசிதான். தழைச்சத்தைச் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மணிச்சத்து அப்படியல்ல, மண்ணிலிருந்தோ மனிதன் கொட்டுவதிலிருந்தோதான் வரவேண்டும். நம் செம்மண்ணில் உள்ள இரும்பு அதையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

பாசி குறைந்தால் அதை மேயும் நுண்பூச்சிகள் குறையும்; பூச்சி குறைந்தால் சிறுமீன், சிறுமீன் குறைந்தால் விரால், அதற்கு மேலே கொக்கு. இன்னொன்றும் உண்டு. பாசி இருந்தாலும் அதில் மணிச்சத்து குறைவென்றால் மேய்கிற பூச்சிக்கு உடம்பு வைக்காது. வெறும் கஞ்சியைக் குடித்த பிள்ளைபோல வயிறு நிறையும், வளர்ச்சி இருக்காது. மீனின் எலும்புக்கும் மணிச்சத்து வேண்டுமே!

இதைக் கனடா நாட்டில் ஓர் ஏரியில் 1973-இல் சோதித்துப் பார்த்தார்கள். ஏரியின் நடுவே திரை கட்டி இரு பாதியாக்கினார்கள். இரண்டிலும் கரிச்சத்தும் தழைச்சத்தும் போட்டார்கள். ஒரு பாதியில் மட்டும் மணிச்சத்தும் சேர்த்தார்கள். அந்தப் பாதி பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. மறுபாதி தெளிவாகவே இருந்தது.

அப்படியானால் கொழுத்த மீன் தந்த இரண்டாவது குட்டைதான் நல்லதா? பெரியவர் சிரித்தார். "விடியறதுக்கு முன்னே வந்து பாருங்க."

மறுநாள் இருட்டோடு போனோம். திலாப்பியாக்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சில வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. பகலில் பாசி பிராணவாயுவை வெளிவிடும். இரவில் நம்மைப்போல் அதுவும் மூச்சு வாங்கும். விடியும் முன்னே தண்ணீரில் பிராணவாயு வற்றிப்போகிறது. விராலுக்கும் கெளுத்திக்கும் கவலையில்லை; அவை மேலே வந்து காற்றையே சுவாசிக்கத் தெரிந்தவை. சத்து மிஞ்சிய தண்ணீரில் யார் பிழைப்பது என்பதை முடிவு செய்வது அந்த ஒரு திறமைதான்.

இந்தக் குட்டைக்குச் சத்து வந்தது வீட்டு வாய்க்காலிலிருந்து. சோப்பு நுரையும் மாட்டுச்சாணமும் மழையில் கரைந்த உரமும் அங்கே சேர்ந்தன.

தோட்டத்து ஆலைகள் செய்த வேலை இதைவிடப் பெரிது. செம்பனை ஆலைக் கழிவு ஒரு லிட்டர் அழுகுவதற்குச் சுமார் 25,000 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். நல்ல ஆற்றுநீர் ஒரு லிட்டரில் இருப்பதோ எட்டு மில்லிகிராம் சுமார். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் கழிவு மூவாயிரம் லிட்டர் ஆற்றின் மூச்சைக் குடித்துவிடும். செம்பனை ஆலைகளுக்கு 1977-இல் அரசு விதி செய்தது. முதலில் 5,000 மில்லிகிராம் வரை விட்டு, படிப்படியாகக் குறைத்து 1984-க்குள் 100 ஆக்கினார்கள். கழிவைக் குளங்களில் தேக்கி அழுகவைத்து வெளியேற்றும் வழக்கம் அப்போது பரவியது. பழைய நாற்றத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த வட்டாரத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள்.

செரண்டாத் தண்ணீர் இங்கே தங்குவதில்லை. அது சிலாங்கூர் ஆற்றில் கலந்து கோல சிலாங்கூர்வரை போகிறது. வழியில் பெஸ்தாரி ஜெயா, நம்மவர்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைத்த ஊர். 2014-இல் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது அங்குள்ள பழைய ஈயக்குட்டை நீரை இறைத்து ஆற்றில் சேர்த்தார்கள். நம் குழாயில் வருவதும் அந்த ஆறுதானே! குட்டையில் யார் எதைக் கொட்டினாலும் மீனோடு முடிந்துபோகிற விஷயம் அல்ல.

பெரியவர் ஒரு காரியம் செய்திருக்கிறார். வீட்டு வாய்க்காலை மண்வெட்டியால் திருப்பி, குட்டைக்குப் போகாமல் வாழைக்குப் பாயவிட்டிருக்கிறார். "மூணு வருஷமாச்சு தம்பி. வாழை தார் போடுது. குட்டை மட்டும் தெளியலை" என்றார். அடிச்சேற்றில் பிராணவாயு தீரும்போது, இரும்பு பிடித்து வைத்த பழைய மணிச்சத்தை மறுபடி தண்ணீரில் விட்டுவிடுகிறது. அது தீரப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் குட்டையைப் பார்த்திருந்துவிட்டு, மிதந்த மீன்களை வலையால் அள்ளி வாழையடியில் புதைக்கப் போனார்.