சொல்லாத பத்து வாரங்கள்

தமிழ் சினிமாவில் மசக்கைக்கு ஒரே ஒரு வாந்திதான். கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவாள். மாமியார் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வரும். நாடி பிடித்துப் பார்க்க ஒரு கிழவியோ டாக்டரம்மாவோ வருவார். அடுத்த காட்சியில் அவள் கை நிறைய வளையலோடு மணையில் உட்கார்ந்திருப்பாள். அந்த வாந்திக்கும் வளையலுக்கும் நடுவே நாலைந்து மாதம் இருக்கிறது. அதில் முதல் பத்து வாரங்களை நான் பார்த்த எந்தப் படமும் காட்டியதில்லை.

என்னுடைய பத்து வாரங்கள் 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஸ்கார்பரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் கழிந்தன. ஆறாவது வாரம் ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் அதைக் காலை நோய் என்கிறார்கள். பெயர் வைத்தவருக்கு அது வந்திருக்காது. காலையில் வந்தது, மதியம் வந்தது, இரவு இரண்டு மணிக்கு எழுப்பியும் வந்தது. பல் துலக்கினால் வந்தது. பல் துலக்காவிட்டாலும் வந்தது.

வாந்தியைவிட மணம்தான் பெரிய எதிரி. அரிசி கொதிக்கும் ஆவி, கடுகு வெடிக்கும் எண்ணெய், குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் வரும் பழைய சாம்பார் வாடை, கணவரின் சோப்பு. ஊரில் எங்கள் அடுப்படிக்கு ஜன்னல் இருந்தது, புகைக்கூண்டு இருந்தது, பின்வாசலைத் திறந்தால் காற்று வந்தது. இங்கே பிப்ரவரியில் எல்லாம் அடைத்திருக்கும். திங்கள்கிழமை தாளித்த வெங்காயம் புதன்கிழமை வரை கோட்டில் தொங்கும். கணவர் நீட்டிப்பு வயர் போட்டு ரைஸ் குக்கரைப் பால்கனிக்குக் கொண்டுபோனார். பனிக்கு நடுவே அது விசிலடிக்காமல் ஆவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் வாளியோடு உட்கார்ந்திருந்தேன்.

அலுவலகம் நகரின் மையத்தில். சப்வேயில் எல்லா நிலையங்களிலும் கழிவறை கிடையாது. கென்னடியில் உண்டு, வார்டனில் உண்டு, பிறகு பல நிலையங்களுக்கு இல்லை. கைப்பையில் நாலு பிளாஸ்டிக் பை, ஒரு பாட்டில் தண்ணீர், உப்பு பிஸ்கட். பக்கத்தில் யாராவது காபிக் கோப்பையோடு உட்கார்ந்தால் எழுந்து வேறு பெட்டிக்கு மாறுவேன். ஒரு திங்கள்கிழமை வாடிக்கையாளர் அலுவலகத்தில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வார இறுதியில் கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று கண்ணடித்தார். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாதவள் நான். ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையைச் சொல்ல அனுமதி இல்லை.

அனுமதி இல்லாதது இரண்டு பக்கமிருந்தும். பாளையங்கோட்டையிலிருந்து அம்மா ஃபோனில் சொன்னாள்: “யாருட்டயும் சொல்லிராத. மூணு மாசம் போவட்டும்.” அம்மாவுக்குக் கண்ணேறு பயம். இங்கே உடன் வேலை பார்க்கும் பெண்களும் பன்னிரண்டு வாரம் முடிந்த பிறகுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் காரணம் வேறு. கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை அந்தப் பன்னிரண்டு வாரத்துக்குள் நடப்பவை. சொல்லிவிட்டுப் பிறகு ஒவ்வொருவரிடமும் போய் இல்லை என்று சொல்வது கொடுமை. இரண்டு காரணங்களையும் நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் குமட்டல் ஐந்தாறு வாரத்தில் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், பன்னிரண்டிலிருந்து பதினாறுக்குள் பெரும்பாலும் அடங்குகிறது. வாயைத் திறக்கக் கூடாது என்று இரண்டு ஊர்களும் சொல்லும் வாரங்களும், ஒரு வாய் தண்ணீர் உள்ளே தங்காத வாரங்களும் ஒரே வாரங்கள்.

நம் மொழியே இந்த விஷயத்தில் கொஞ்சம் ஒளித்துத்தான் பேசுகிறது. எங்கள் பக்கம் ஒரு பெண் கர்ப்பமானால் ‘முழுகாம இருக்கா’ என்பார்கள். உண்டானதைச் சொல்லாமல், குளிக்காமல் விட்டதைச் சொல்கிறோம். பழந்தமிழில் ‘வயா’ என்று ஒரு சொல் இருக்கிறது. தொல்காப்பியம் அதற்குப் பெருகும் விருப்பம் என்ற பொருளைத் தருகிறது. கர்ப்பிணியின் ஆசை நமக்குப் பிடித்தமான விஷயம். மாங்காய் கேட்டாள், புளி கேட்டாள், மண்ணைத் தின்றாள், அடுப்புச் சாம்பலைத் தின்றாள் என்று ரசித்துச் சொல்வோம். அவளால் எதையுமே தின்ன முடியாமல் போன நாட்களைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

ஆனாலும் ஊரில் அந்தப் பேசாமை வேறு மாதிரி நடந்தது. சின்ன வயதில் எங்கள் சித்தி மசக்கையாக இருந்தபோது வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆச்சி தாளிதத்தை நிறுத்தினாள். கருவாடு வாங்குவது நின்றது. சித்தி படுக்கைக்குப் பக்கத்தில் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியும் பொரிக் கிண்ணமும் வந்து உட்கார்ந்தன. தண்ணீர் தூக்கும் வேலை இன்னொருத்திக்குப் போனது. சொல்லக் கூடாது என்ற விதி இருந்தது. சொல்லாமலே தெரிந்துகொள்ள ஒரு வீடு நிறையக் கண்கள் இருந்தன. கடல் தாண்டி வரும்போது நாங்கள் விதியை மட்டும் பெட்டியில் எடுத்து வைத்தோம். கண்களைக் கொண்டுவர முடியவில்லை.

எனக்கு அதிர்ஷ்டம், எதிர் வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். அதுவரை லிஃப்டில் பார்த்துச் சிரிப்பதோடு சரி. ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டினார்.

“பிள்ளை, சத்தி எடுக்கிறீரோ?”

எனக்கு ‘சக்தி’ என்று கேட்டது. வார இதழ் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து, இல்லையே அக்கா என்றேன்.

“ஒளிக்காதேயும். ஒரு கிழமையா உம்மட வீட்டிலயிருந்து தாளிச்ச மணம் வரேல்லை. லிஃப்டுக்குள்ள மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர். எத்தினை மாசம்?”

அவர்கள் ஊரில் வாந்திக்குச் சத்தி என்று பெயர் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். தினமும் காலை ஆறரைக்கு ஒரு குடுவையில் இஞ்சி போட்ட வெறுந்தேநீர், மாலையில் உப்புப் போட்ட கஞ்சி. சூடு ஆறிய பிறகுதான் கொண்டுவருவார். சூடாக இருந்தால் மணக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எழுந்திரிக்கும் முன்னே படுக்கையிலேயே ஒரு பிஸ்கட், பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி, வெறும் வயிறாக விடக் கூடாது, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, தனியாகக் குடிக்க வேண்டும். இதையேதான் பின்னால் செவிலியரும் ஒரு தாளில் அச்சடித்துத் தந்தார்.

இஞ்சிக்கும் ஓர் எல்லை உண்டு. கருவுற்றவர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்குக் குமட்டல் வருகிறது, அதில் பலரை இஞ்சியும் பிஸ்கட்டும் தாங்கிவிடும். நூற்றில் ஓரிருவருக்கு அது நோயாக முற்றுகிறது. ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம் என்று அதற்கு நீளமான பெயர். பத்தாவது வாரத்தில் எனக்கு ஒரு நாள் முழுக்க ஒரு மடக்குத் தண்ணீரும் தங்கவில்லை. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. எழுந்து நின்றால் சுவர் சாய்ந்தது. அக்காதான், இது கஞ்சிக்கு அடங்கிற விஷயமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்று கணவரை விரட்டினார். அன்று பிப்ரவரி 28, ஞாயிறு. வான்கூவர் ஒலிம்பிக்ஸில் கனடாவும் அமெரிக்காவும் ஹாக்கி இறுதி ஆட்டம். அவசரப் பிரிவில் கூட்டமே இல்லை. கையில் சலைன் ஊசி ஏறிய சற்று நேரத்தில் நடைபாதை முழுக்க ஒரு கத்தல். ஓவர்டைமில் கனடா தங்கம் வாங்கியிருந்தது. செவிலியர் ஓடி வந்து, எனக்கும் சேர்த்துக் கைதட்டிவிட்டு, சொட்டு இறங்குவதைச் சரிபார்த்துவிட்டுப் போனார்.

டாக்டர் டிக்லெக்டின் மாத்திரை எழுதித் தந்தார். அம்மாவிடம் சொன்னபோது ஃபோனில் நீண்ட மௌனம். பிறகு, “வாந்திக்கு மாத்திரை போட்டா பிள்ளைக்கு ஆகாது” என்றாள். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மேற்கு ஜெர்மனியில் 1957இல் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டது. 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தார்கள். 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெற்ற பிறகும் கனடாவில் அது சில மாதங்கள் விற்பனையில் இருந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் பெண்கள் வாந்தியோடு பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கப் பழகினார்கள். டிக்லெக்டின் வேறு. டாக்ஸிலமின் என்ற ஒவ்வாமை மருந்தும் பி6 வைட்டமினும் சேர்ந்தது. அதே சேர்க்கை அமெரிக்காவில் 1983இல் வழக்குகளின் காரணமாக நிறுத்தப்பட்டு, குழந்தைக்குத் தீங்கு என்பது ஆய்வுகளில் நிரூபணமாகாத நிலையில் 2013இல் திரும்பி வந்தது. கனடாவில் நடுவில் நிற்கவே இல்லை. டாக்டர் இதை எனக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கினார். நான் அம்மாவுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். மாத்திரை வாந்தியை நிறுத்தவில்லை, பாதியாக்கியது. அந்தப் பாதியில் தூங்கினேன், குளித்தேன், வேலைக்குப் போனேன்.

வாந்தியாவது வெளியே தெரியும். வயிற்றின் மற்ற சங்கடங்கள் இன்னும் மரியாதைக் குறைவானவை. புரொஜெஸ்டெரோன் என்ற ஹார்மோன் குடலின் தசைகளைத் தளர்த்திவிடுகிறது. உணவு மெதுவாக நகர்கிறது. அதோடு இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தால் மலச்சிக்கல் உறுதி. உணவுக்குழாயின் அடிக்கதவும் தளர்வதால் அமிலம் மேலே ஏறி நெஞ்சு கரிக்கும். நெஞ்சு கரித்தால் பிள்ளைக்கு முடி நிறைய இருக்கும் என்பாள் அம்மா. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, 64 பெண்களை வைத்து, அப்படி ஒரு தொடர்பு இருப்பதாகவே சொன்னது. ஆராய்ச்சியாளர்கள் பொய்யென்று காட்டப் போய் வியந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா வியக்கவில்லை. அக்கா அதையெல்லாம் விட்டுவிட்டு, இரவில் உலர்திராட்சை ஊறவைத்துக் காலையில் தண்ணீரோடு தின்னச் சொன்னார். அது வேலை செய்தது.

அந்த நாட்களில் என்னை அதிகம் வாட்டியது வாந்தி இல்லை, அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். ஒழுங்காகச் சாப்பிடவில்லை, மனதில் பயம், வேலையை விடவில்லை. வாந்தி அதிகமானால் நல்ல அறிகுறி, சந்தோஷப்படு. இப்படி ஒவ்வொருவரும் என் குணத்தில் காரணம் தேடினார்கள். இது நம்மவர்களுக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. கடும் குமட்டலை மனநோயாகப் பார்த்த காலம் மேற்கிலும் நீண்டது. சார்லட் பிராண்டே 1855இல் 38 வயதில் கர்ப்பிணியாக இறந்தார். சான்றிதழில் காசநோய் என்று இருக்கிறது. தணியாத வாந்திதான் அவரைக் கொன்றது என்று இன்று பலர் கருதுகிறார்கள். மார்லினா ஃபெய்சோ என்ற அமெரிக்க மரபியலாளர் 1999இல் இதே நோயால் பதினைந்தாவது வாரத்தில் கருவை இழந்தார். கவனத்தை ஈர்ப்பதற்காகச் செய்கிறார் என்று அவருடைய மருத்துவரே சொன்னாராம். அவர் காரணத்தைத் தேடப் புறப்பட்டார்.

2023 டிசம்பரில் நேச்சர் இதழில், கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓ’ராஹிலி குழுவோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை வந்தது. ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைக் கருவும் நஞ்சும் சுரக்கின்றன. அது தாயின் மூளைத்தண்டைத் தொட்டுக் குமட்டலை எழுப்புகிறது. கர்ப்பத்துக்கு முன்பு தாயின் உடம்பில் அது குறைவாக இருந்திருந்தால், திடீர் ஏற்றம் அவளைக் கடுமையாகத் தாக்கும். பீட்டா தலசீமியா உள்ள பெண்களுக்கு ரத்தத்தில் அது எப்போதும் அதிகம். அவர்களுக்கு மசக்கை மிகக் குறைவாகவே வருகிறது. இந்த ஆய்வில் இலங்கை ஆராய்ச்சியாளர்களுக்கும் பங்கு உண்டு. செய்தியை அக்காவுக்கு அனுப்பினேன். “அப்ப பிள்ளைதான் செய்யிற வேலை” என்று பதில் வந்தது. என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவளிடம் வாசித்துக் காட்டினேன். ஸாரிம்மா என்றாள்.

மூன்று மாதம் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை யாரும் விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஊர் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் இல்லாமல், கதவைத் தட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லை, எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, நிற்க முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்ல ஓர் ஆள். கரு தங்காமல் போனாலும் பக்கத்தில் வந்து உட்கார அதே ஆள்.

எங்களைப் போல இங்கே இருபது வருடம் ஓட்டியவர்களுக்கு மறுபக்கத்து வேலை இருக்கிறது. சென்ற ஆண்டு என் குழுவில் இருக்கும் இளம்பெண் ஒருத்தி, இங்கேயே பிறந்தவள், காபி இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள். நான் எதையும் கேட்கவில்லை. எட்டரை மணிக் கூட்டத்தைப் பதினொன்றுக்கு மாற்றினேன். கழிவறைக்குப் பக்கத்து மேசையை அவளுக்குக் கொடுத்தேன். மேசை மேல் ஒரு பொட்டலம் உப்பு பிஸ்கட் வைத்தேன். மூன்றாவது வாரம் அவளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி?” என்றாள். அலுவலகத்தில் அவள் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டது அன்று ஒரு நாள்தான்.