நிழல் தேடும் விதை

இரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு, நண்பகலில் காய் வெடிக்கும் ஓசை மறவாது. மூன்று அறை கொண்ட அக்காய் வெடித்ததும், விதை பொறுக்கச் சிறுவர்களாகிய நாங்கள் ஓடுவோம். இரப்பரும் ஆமணக்கும் ஒரே குடும்பம். அக்குடும்பத்துச் செடி ஒன்றின் காயை, பணி ஓய்வுக்குப் பின் அமெரிக்காவின் அரிசோனாவில், என் மகள் வீட்டில் கண்டேன்.

பேரன் கடையில் வாங்கிய பெட்டியில் ஐந்தாறு காய்த் துண்டுகள் இருந்தன. விளக்கொளியில் வைத்ததும் அவை துள்ளின. “தாத்தா, ஆடுது பாருங்க!” என்று கைகொட்டினான். சூடு ஏற ஆட்டமும் மிகுவதைக் கண்டு, விளக்கை இன்னும் அருகே இழுத்தவன் நானே.

அன்றிரவுதான் அதன் வரலாற்றைப் படித்தேன். மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், அலாமோஸ் நகரைச் சூழ்ந்த வறண்ட நிலத்தில், மழைக்காலத்தில் மட்டுமே நீரோடும் காட்டாறுகளின் கரைகளிலும் மலைச்சரிவுகளிலும் அச்செடி வளர்கிறது. அதன் நச்சுப் பாலை அந்நாட்டுப் பழங்குடியினர் அம்புமுனையில் தடவினர். அந்த நஞ்சுச் செடியையே ஓர் அந்துப்பூச்சி தன் மக்களுக்குத் தொட்டிலாக்கியது. 1858இல் அறிவியலார் அதற்குப் பெயரிட்டனர். துள்ளுவது என்னும் பொருள்பட அமைந்த பெயர் அது.

தாய்ப்பூச்சி இட்ட முட்டையிலிருந்து வெளிவரும் புழு, இளங்காயைத் துளைத்து உட்புகுந்து விதையைத் தின்கிறது. உட்சுவரில் பட்டிழை நெய்து கொள்கிறது. காய் முற்றிப் பிளந்து, புழுவோடு கூடிய துண்டு சுடுமண்ணில் விழுகிறது. அங்கே நெடுநேரம் கிடந்தால் புழு வெந்து மடியும். ஆகவே இழையைப் பற்றிக்கொண்டு உடலைச் சுண்டி, தன் வீட்டையே துள்ள வைக்கிறது. நிழல் எத்திசை என்று அதற்குத் தெரியாது. சியாட்டில் பல்கலைக்கழக ஆய்வாளர் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அத்துள்ளல்களுக்குக் குறித்த திசையில்லை. ஆயினும் காலம் வாய்த்தால், அவ்வாறு திசையின்றித் திரிவதே நிழலை அடைய ஏற்ற வழியாம்.

பின்னர் அது கூட்டுப்புழுவாகும். பூச்சியாய் வெளிவரும்போது ஓட்டைக் கடிக்கத் தாடை இராது. எனவே புழுவாய் இருக்கும்போதே ஓட்டில் வட்டக் கதவொன்றை அறுத்து, இழையால் அடைத்து வைக்கிறது. மாதக்கணக்கில் சிறையிருந்த அவ்வுயிர், சிறகு பெற்றபின் வாழ்வது சில நாள்களே.

மறுநாள் காலை பேரனிடம் கூறினேன். அவன் ஒன்றும் பேசாமல் பெட்டியை எடுத்துக் குளிர்ந்த மூலையில் வைத்தான். சற்று நேரத்தில் ஆட்டம் அடங்கியது. “தூங்குதா, தாத்தா?” என்றான். “இளைப்பாறுகிறது” என்றேன்.

அப்பொழுது என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. சன்னலோரம் அமர்ந்த மாணவன் ஒருவன் ஓரிடத்தில் நில்லாமல் நெளிந்துகொண்டே இருப்பான். குறும்பு என்று பலமுறை கண்டித்தேன். பிரம்பும் எடுத்தேன். பத்து மணிக்குமேல் அவனிருக்கையில் வெயில் விழுந்ததோ என்று அந்நாளில் ஒருமுறையேனும் நான் சென்று பார்த்ததில்லை.