காலனும் கைக்கடிகாரமும்

காலம் என்பதும் காலன் என்பதும் ஓர் அடியிற் பிறந்த சொற்கள். முன்னதை மனிதன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிகிறான். பின்னதன் பெயரைச் சொல்லவே அஞ்சுகிறான். காலனின் வாசல்வரை சென்று மீண்டவர் கையில் கடிகாரம் ஓடுமா, ஓடாதா? விந்தையான இக்கேள்வி, சிலிபினில் வாழும் ஓர் எளிய குடும்பத்தின் உறக்கத்தைச் சில வாரங்கள் பறித்துக்கொண்டது.

அக்குடும்பத் தலைவர் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய பெற்றோரிடம் கடிகாரம் இருந்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்கு அழைத்த ஓசையே அவர்களின் பொழுதை ஆண்டது. மகன் ஈப்போவுக்கு வந்து, லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு சைக்கோ 5 கடிகாரம் வாங்கினார். தம் பொழுது இனித் தமக்கே உரியது என்பதற்கு அதுவே அவருக்குச் சாட்சி. குளிக்கும்போதன்றி வேறெப்போதும் அவர் அதைக் கழற்றியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணியளவில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நின்றுபோன இதயத்தை மருத்துவர்கள் மீண்டும் இயக்கினர். கையிலிருந்து கழற்றித் தரப்பட்ட கடிகாரத்தை மனைவி கைக்குட்டையில் முடிந்து அலமாரியில் வைத்தார். பன்னிரண்டாம் நாள் வீடு திரும்பியவர் முதலில் கேட்டது அதைத்தான். முடிச்சை அவிழ்த்தபோது கடிகாரம் நின்றிருந்தது. அசைத்துக் கட்டினார், ஓடியது. இரண்டொரு நாளில் மீண்டும் நின்றது.

“உயிர் போய் வந்த கை. அதுல இனிமே ஓடாது” என்றார் பக்கத்து வீட்டு மூதாட்டி. “அப்பா, அதைக் கட்டாதீங்க” என்று மகள் கண் கலங்கினார். முள் நிற்கும்போதெல்லாம் அதைக் காலன் விடுத்த ஓலையாகவே அவர் எண்ணலானார். நாள்தோறும் நடக்குமாறு மருத்துவர் சொல்லியிருந்தார். அவரோ நாற்காலியை விட்டு எழவில்லை. நோய் விட்ட இடத்தில் அச்சம் வந்து அமர்ந்துகொண்டது.

இத்தகைய நம்பிக்கை சிலிபினுக்கு மட்டும் உரியதன்று. 1975ஆம் ஆண்டு ரேமண்ட் மூடி என்னும் அமெரிக்கர், மரணத்தின் விளிம்பைத் தொட்டு மீண்டோரின் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். அதன்பின், அவ்வாறு மீண்டோரின் கையில் கடிகாரம் நின்றுவிடுகிறது என்ற பேச்சு மேனாடுகளிற் பரவியது. 2015இல் புரூஸ் கிரேசனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்விலும், மின்கருவிகள் தம்மருகே கோளாறுறுவதாக இத்தகையோர் பிறரைவிட மிகுதியாகக் கூறியது பதிவாகியுள்ளது. ஆயினும் அவை அம்மக்கள் தம் வாயாற் சொன்னவை. கடிகாரத்தைச் சோதித்துக் கண்டவை அல்ல.

இந்தியாவில் சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் 16 பேரின் அனுபவங்களை ஆராய்ந்து 1986இல் வெளியிட்டனர். யமதூதர் தம்மை இழுத்துச் சென்றதாகவும், ஆள் மாறிவிட்டதென்று அறிந்து திருப்பி அனுப்பியதாகவும் சொன்னோர் அவர்களுள் உண்டு. அங்கே பிழைத்தது கடிகாரமன்று. காலன் வீட்டுக் கணக்கு. மரணத்தின் வாசலிலும் மனிதன் தன் ஊர்க் கதையையே காண்கிறான் போலும்.

கடைசியில் மனைவியே கணவரை ஈப்போவில் ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் அழைத்துச் சென்றார். அவர் பின்மூடியைத் திறந்து, உள்ளே அரைவட்டமாய் ஆடிய எடைத்தகட்டைக் காட்டினார். “அங்கிள், இதுக்கு பேட்டரி கிடையாது. உங்க கை அசைஞ்சாத்தான் இந்தத் தகடு சுத்தும், வில்லு முறுகும். சும்மா வச்சிட்டா நாற்பது மணி நேரம்போல ஓடும், அப்புறம் நிக்கும்” என்றார்.

மனைவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “என்னங்க, நான் முடிச்சை அவுத்தப்போ அது புதன்கிழமை, ஒன்பது மணின்னு காட்டிச்சு” என்றார். நெஞ்சு நின்றதோ செவ்வாய் விடியலில். கடிகாரம் நின்றதோ புதன் இரவில். இடையில் ஏறத்தாழ நாற்பது மணி நேரம். வீட்டிலுள்ளோர் அனைவரும் பார்த்த முள். ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. உயிர் நின்றபோது கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வீட்டில் அவர் கையிலேயே அது நின்றதற்கும் காரணம் அவர் அசையாதிருந்ததேயன்றி வேறில்லை.

எனினும் மரணத்தை நேரிற் கண்டவரிடம் எதுவுமே மாறுவதில்லை என்று கொள்ளலாகாது. 1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மதுரையில் வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுச் சிறுவனை, நோய் ஏதுமின்றியே, மரண அச்சம் திடீரெனப் பற்றியது. அவன் பிணம்போற் கிடந்து, இறப்பது எதுவென்று தனக்குள் ஆராய்ந்தான். செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்து, கையில் எஞ்சிய காசையும் அய்யங்குளத்தில் எறிந்தான். அவனே பின்னாளில் ரமண மகரிஷி. உடைமை அனைத்தையும் துறந்து கோவணம் ஒன்றே உடுத்திய அவர், ஆசிரமத்தில் உணவுக்கும் உலாவுதற்கும் குறித்த நேரத்தைத் தவறாது பேணினார். அவரை விட்டகன்றது காலம் பற்றிய அச்சம். பிறருடைய காலத்துக்குத் தரும் மதிப்பு அகலவில்லை. மாற்றம் நிகழ்வது மணிக்கட்டில் அன்று, மனத்தில்.

சிலிபின் முதியவர் இப்போது காலைதோறும் நடக்கிறார். அவர் நடப்பதால் கடிகாரமும் நடக்கிறது. பள்ளி விடும் நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே வாசலிற் சென்று, பேரப்பிள்ளைக்காகக் காத்து நிற்கிறார். மூதாட்டி இன்னமும் தலையசைத்து மறுக்கிறார். மகளுக்கோ எல்லாம் விளங்கிவிட்டது. ஆயினும் தந்தை கண்ணயர்ந்த வேளையில், மெல்லக் குனிந்து அவர் மணிக்கட்டருகே செவியை வைத்துக் கேட்டுவிட்டே அப்பால் செல்கிறார்.