தண்ணி எடுத்தா ஆள் போயிடுமா?

கொட்டாஞ்சேனையிலயும் வெள்ளவத்தையிலயும் ஒரே மாதிரி நம்புற விசயங்கள் கொஞ்சம்தான். அதில ஒன்று: ஈரல் கெட்டு வயிறு ஊதின ஆளுக்கு ஊசி குத்தித் தண்ணி எடுத்தா, பிறகு ஆள் கனநாள் தாங்காது. இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. தண்ணி எடுக்கிற அளவுக்கு வந்த பலபேர் ஏற்கெனவே நல்லா முற்றின நிலையில இருந்தவர்கள். ஊசிக்குப் பிறகு போனதைத்தான் சனம் கண்டது. அதனால பழி ஊசியில விழுந்தது.

போன வருசம் எங்கட கூட்டாளி ஒருவனின் மாமாவை ஆஸ்பத்திரியில வைத்திருந்தபோது இந்தப் பயத்தோட நேரடியாக மல்லுக்கட்ட வேண்டி வந்தது. நாங்கள் நாலு பேரும் கலைப்பீடம். மருத்துவம் தெரிந்து போகவில்லை. மாமிக்குச் சிங்களம் சந்தைக்குப் போய்வரக் காணும், வார்ட்டுக்குக் காணாது எண்டுதான் முறைவைத்துப் போனோம். தமிழும் அரசகரும மொழி எண்டு 13ஆம் திருத்தம் 1987இலேயே சொல்லிவிட்டது. ஆனா இரவு பதினொரு மணிக்கு அந்த வார்ட்டில தமிழ் எங்கட வாயிலதான் இருந்தது.

மாமா குடிக்கிறவர் இல்லை. இதைச் சொன்னால் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள், சிரோசிஸ் எண்டாலே போத்தல்தான் ஞாபகம் வரும். அவருக்கு இருந்தது சீனி வருத்தமும் ஈரலில படிந்த கொழுப்பும். ராகமையில செய்து 2009இல் வெளியான ஆய்வில, 35 முதல் 64 வயது வரையானவர்களில் 32.6 சதவீதம் பேருக்கு ஈரலில கொழுப்பு இருந்தது. குடியால வந்ததை அதில சேர்க்கவேயில்லை. மூன்றில ஒரு ஆள். எல்லாருக்கும் அது சிரோசிஸில முடியாதுதான், ஆனா சொந்தக்காரர் குசுகுசுக்க முதல் இதைத் தெரிந்து வைத்தால் நல்லம்.

வயிற்றில தண்ணி கட்டுறதைச் சித்த வைத்தியத்தில மகோதரம் எண்டு சொல்வார்கள். வார்ட்டில 'படே வத்துர'. மாமாவுக்கு அது மாசக்கணக்கா இருந்தது. புதுசா வந்தது, நாளும் நேரமும் குழம்பினது. மத்தியானத்தில எழும்பி, "விடிஞ்சிட்டுதா?" எண்டு கேட்டார். காய்ச்சல் இல்லை. வயிற்றை அமத்தினாலும் பெரிசா நோகவில்லை. அதுக்கு முதல் நாள் ஒரு தனியார் இடத்தில வயிற்றெரிவுக்குக் குளிசை குடுத்து அனுப்பியிருந்தார்கள்.

வார்ட்டில இருந்த இளம் டொக்டர் உடனேயே, தண்ணியில கொஞ்சம் எடுத்துப் பார்க்கவேணும் எண்டார். மாமி எங்கட கையைப் பிடித்துக்கொண்டா. "தம்பி, வேண்டாமெண்டு சொல்லுங்கோ. என்ர அப்பாவுக்கும் இப்பிடித்தான் எடுத்தவை. ரெண்டு கிழமை இருக்கேல்ல."

அதை அப்படியே மொழிபெயர்த்தோம். டொக்டர் கோபிக்கவில்லை, கட்டில் ஓரத்திலேயே நின்று விளங்கப்படுத்தினார். மூட்டை குறையிறதுக்காக லீற்றர் கணக்கில எடுக்கிறது வேறு, சோதனைக்கு எடுக்கிறது வேறு. சோதனைக்கு ஒரு சிரிஞ்ச் நிறையக் காணும். ஈரல் இறுகினவர்களுக்குக் குடலில இருக்கிற கிருமி சுவரைத் தாண்டி அந்தத் தண்ணிக்குள்ள போயிடும். குடலில ஓட்டை விழாமலே இது நடக்கும். அதனாலதான் ஹரோல்ட் கொன் எண்ட அமெரிக்க மருத்துவர் 1964இல் இதைத் 'தானாக வரும்' வயிற்றறைத் தொற்று எண்டு பெயர் வைத்தார். இ.கோலை மாதிரிக் கிருமிகள்தான் கூடுதலா. காய்ச்சல் வரலாம், வராமலும் விடலாம்; சிலருக்குக் குழப்பம் மட்டும்தான் அறிகுறி. ஆளைப் பார்த்துச் சொல்ல ஏலாது, தண்ணியைப் பார்த்துத்தான் சொல்லலாம்.

மாமிக்கு இன்னொரு பயமும் இருந்தது. "ரத்தம் உறையாதெண்டு ரிப்போட்டில போட்டிருக்கே?" இதைக் கேட்டதுக்கு அவவைப் பாராட்டத்தான் வேணும். இந்த நோயில அந்த எண் எப்பவும் மோசமாகத்தான் இருக்கும், ஆனா இந்த ஊசியால பெரிய ரத்தப்போக்கு வருவது நூற்றில ஒன்றுக்கும் குறைவு எண்டார். அரை மணித்தியாலம் போனது. பிறகு மாமி தலையாட்டினா.

எங்களுக்குப் புதினமாக இருந்தது, முடிவு ஒரு எண்ணில தங்கியிருப்பது. தண்ணியின் ஒரு கன மில்லிமீற்றரில நியூட்ரோபில் எனும் வெள்ளையணு 250 அல்லது அதுக்கு மேல இருந்தால், தொற்று எண்டு எடுத்து மருந்து தொடங்குவார்கள். கிருமி முளைக்குதா எண்டு பார்க்கிற கல்ச்சருக்கு நாட்கள் பிடிக்கும், அதுவும் பலநேரம் ஒன்றும் முளைக்காது. அதனால கட்டிலடியிலேயே, ரத்தக் கல்ச்சர் போத்தலுக்குள்ள பத்து மில்லிலீற்றர் விட்டு அனுப்புவார்கள். சிறுநீர் பார்க்கிற பட்டியைத் தோய்த்துக் கெதியாப் பார்க்கலாமே எண்டு உலகத்தில பலர் முயன்றிருக்கிறார்கள். 2007இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில அந்தப் பட்டி பாதிக்கு மேற்பட்ட தொற்றைத் தவறவிட்டது.

மாமாவின் எண் 640. அந்த இரவே அன்டிபயோடிக் ஏற்றினார்கள், கூடவே அல்புமின். தொற்றுக்கு எதுக்குப் புரதம் எண்டு கேட்டோம். சிறுநீரகத்தைக் காப்பாற்றத்தானாம். 1999இல் ஸ்பெயினில 126 நோயாளிகளில் பார்த்தபோது, அன்டிபயோடிக் மட்டும் குடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் பழுதானது. அல்புமினும் சேர்த்தவர்களில் 10 சதவீதம். ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் 29 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்தார்கள்.

ரெண்டு நாள் கழித்துத் திரும்ப ஒரு சிரிஞ்ச் எடுத்தார்கள், எண் இறங்குதா எண்டு பார்க்க. இந்தமுறை மாமி எங்களைக் கூப்பிடவில்லை, தானே "ஹரி, கண்ட" எண்டு சொல்லியிருக்கிறா. 180. மாமா இப்ப வீட்டில, உப்பில்லாத கறியைத் திட்டிக்கொண்டு. ஒருக்கா வந்தவருக்குத் திரும்ப வரக்கூடிய வருத்தம் எண்டதால ஒவ்வொரு நாளும் ஒரு குளிசை. எந்தக் காரணத்துக்கு வார்ட்டில சேர்த்தாலும் முதல்ல தண்ணியைப் பார்க்கச் சொல்லிக் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில, சிங்களத்திலயும் தமிழிலயும் நாங்கள் எழுதி ஒட்டியிருக்கிறோம்.