கணப்பின் முன் ஒரு நாற்காலி

உதகமண்டலத்தில் குளிர் உண்டு என்பதைச் சமவெளி நண்பர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் வந்து அதை அநுபவித்து, "ஆகா!" என்று புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். மார்கழியில் புல்தரையெல்லாம் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும்போது வந்து பார்ப்பவர் சிலரே. 7,000 அடிக்கு மேற்பட்ட உயரம் என்றால் சும்மாவா?

கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் 1819-ல் இம்மலைமீது ஏறி வந்தார். பின்னர் இங்கே குடியேறிய வெள்ளைக்காரர்கள், தங்கள் நாட்டு வழக்கப்படி கூடத்தில் கணப்பும் கூரைமேல் புகைபோக்கியும் வைத்து வீடு கட்டினார்கள். அத்தகைய பழைய வீடு ஒன்றில்தான் நாம் வசிக்கிறோம். 2022-ஆம் வருஷத்து ஐப்பசி மழையில் புகைபோக்கி விரிசல் கண்டது. மேலே போக வேண்டிய புகை கூடத்துக்கே திரும்பி வந்தது. ஆகவே கணப்பை அணைத்துவிட்டு, தாயாரின் அறையில் குமுட்டி அடுப்பில் கரி மூட்டி வைத்தோம். குளிர்காற்று நுழையாதபடி ஜன்னல்களையும் இறுகச் சாத்தினோம்.

மறுநாள் காலையில் தாயாரால் எழுந்திருக்க முடியவில்லை. தலைவலி, மயக்கம், வாந்தி. வைத்தியர் வந்து அறையைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?"

"ரஸாயனம்" என்றோம். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மானாக்ஸைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் பிராணவாயுவுக்கு உரிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். கரும்பலகையில் வருஷந்தோறும் எழுதுவதை வீட்டிலே மறந்துபோனோம். தாயார் பிழைத்தது நமது அதிர்ஷ்டம். நமது படிப்பின் பலன் அல்ல.

அதன் பிறகுதான் யோசனை பிறந்தது. புகைபோக்கியைப் பழுதுபார்க்கலாமா? திறந்த கணப்பில் உஷ்ணத்தின் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும். போகிற போக்கில் கதவிடுக்கு வழியாக வெளிக்குளிரையும் உள்ளே இழுத்துவிடும். காஸ் அடுப்பா? புகைபோக்கி இல்லாவிட்டால் அதுவும் அறையின் காற்றையே குடிக்கும். வெப்பமும் தரக்கூடிய ஏர்கண்டிஷனர், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் உஷ்ணம் கொடுக்கும். விலைதான் உபாத்தியாயர் சம்பளத்துக்கு எட்டவில்லை.

கடைசியில், எண்ணெய் அடைத்த மின்சார ரேடியேட்டர் ஒன்று வாங்கினோம். நெருப்பில்லை, புகையில்லை. 2,000 வாட் ஆகையால் முழு வேகத்தில் மணிக்கு 2 யூனிட் செலவாகும். அறை சூடானதும் தானே நின்றுகொள்ளும். பழைய ஒயர் தாங்காதென்று எலெக்ட்ரீஷியன் எச்சரித்தபடி, கூடத்துக்கும் தாயார் அறைக்கும் 15 ஆம்பியர் லைன் தனியே இழுத்தோம். புகைபோக்கியின் வாயைப் பலகையால் மூடினோம், கதவிடுக்குகளையும் அடைத்தோம். எரிவது எதுவும் இல்லையாதலால் இப்போது அதில் அபாயமில்லை.

தாயாருக்கு மட்டும் திருப்தியில்லை. "நெருப்பே கண்ணுக்குத் தெரியலையேடா! இதுக்கு முன்னாலே உட்கார்ந்து என்னத்தைப் பேசறது?" என்றார்.

நியாயமான கேள்வி. தந்தையாரோடு எத்தனையோ குளிர்காலங்களை அந்தக் கணப்பின் முன் கழித்தவர் அவர். ஆகவே மாலை வேளைகளில் ரேடியேட்டரை உருட்டிச் சென்று, ஆறிப்போன கணப்பின் எதிரே நிறுத்தி, அவருடைய நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டோம். இப்போது பழங்கதைகள் தடையின்றி நடக்கின்றன.

இரவில் அவர் தூங்கியதும், அறை ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்துவிட்டு வருகிறோம். அவசியமில்லை என்று ரஸாயனம் சொல்கிறது. மனம் கேட்பதில்லை.